தண்ணிப் பானையும் வருகைப் பதிவேடும்

நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது காலையில் பிரேயர் முடிந்ததும் நகம் பார்ப்பார்கள். ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முன்வரிசையில் ஊர்ப் பிள்ளைகள். பின்வரிசையில் காலனிப் பிள்ளைகள். முன்வரிசைப் பிள்ளைகளின் விரலை வாத்தியார் கையால் பிடித்துப் பார்ப்பார். எங்களிடம் வந்ததும் பிரம்பு முனையால் விரலைத் தூக்கிப் பார்ப்பார். அழுக்கு இருந்தால் அதே பிரம்பால் முட்டியில் ஒண்ணு விழும். "போயி கைய கழுவிக்கினு வாங்கடா, சேரிப் பசங்களா."

எங்கே போய்க் கழுவுவது? பள்ளிக்கூடத்து மூலையில் பானை ஒன்று இருந்தது. அதை நாங்கள் தொடக் கூடாது. ஊர்ப் பையன் ஒருவன் மொண்டு ஊற்றினால் கையைக் குவித்துக் குடிக்கலாம். அவன் மனசு வைக்கவில்லை என்றால் தாகத்தோடு இருக்கணும். பள்ளிக்கூடத்துக்கு எதிரேயே கிணறு. அதில் எங்களுக்குக் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. ஆக, கை கழுவ வேண்டுமானால் காலனிக் கிணற்றுக்கு ஓடணும். அரை மைல். கழுவித் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வருவதற்குள் வாத்தியார் வருகைப் பதிவேட்டை மூடியிருப்பார். எங்கள் பெயருக்கு நேராக ஆப்சென்ட் விழுந்திருக்கும். நாங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்போம், பதிவேட்டில் இருக்க மாட்டோம்.

பிற்பாடு நானும் வாத்தியாராகி, முப்பது வருசத்துக்கு மேல் அதே மாதிரிப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் கை கழுவுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரம்பு முனைதான் நினைவுக்கு வரும். சுத்தம் சோறு போடும் என்று சுவரில் எழுதி வைக்கிறார்கள். சுத்தத்துக்கு வேண்டிய தண்ணியை யார் வைத்திருந்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சுவரில் எழுதுவதில்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

*

கை கழுவினால் நோய் குறையும் என்பது மனித குலத்துக்கு எப்படித் தெரியவந்தது என்று முதலில் பார்ப்போம். 1847ஆம் வருசம், ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அங்கிருந்த பெரிய பொது ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிரசவக் காய்ச்சல். ஏழைப் பெண்கள் அந்த முதல் பிரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று காலில் விழுந்து அழுதிருக்கிறார்கள்.

அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி நாட்டு டாக்டர் யோசித்தார். மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. வித்தியாசம் கையில்தான் இருக்கிறது என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று உத்தரவு போட்டார். அந்த வருசம் ஏப்ரலில் அந்தப் பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் செத்தார்கள். மே மாசம் நடுவில் கை கழுவ ஆரம்பித்தார்கள். ஜூனில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

இவ்வளவு கண்கூடாகத் தெரிந்தும் பெரிய டாக்டர்கள் அவரை ஏற்கவில்லை. கௌரவமான மனுசன் கை எப்படி அழுக்காகும், அதிலிருந்து எப்படிச் சாவு வரும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1865இல் செம்மல்வைஸ் மனநோய் விடுதியில் செத்துப்போனார். அதற்குப் பிறகு பாஸ்டரும் காக்கும் கிருமிகளைக் காட்டிய பின்னால்தான் உலகம் அவர் பக்கம் வந்தது. ராபர்ட் காக் 1884இல் நம்ம கல்கத்தாவுக்கே வந்து காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஜனங்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்துத் தண்ணியிலேயே அது இருந்தது.

இந்த வரலாற்றில் தலித் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. நவீன மருத்துவத்தில் கை கழுவும் பாடம் முதன்முதலாகப் பெரிய மனுசர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. படித்தவன் கையில், மேல்தட்டு ஆம்பளைகளின் கையில்தான் சாவு இருந்தது. கை அழுக்கு பிறப்பைப் பார்ப்பதில்லை. எதைத் தொட்டோம், தொட்டபிறகு கழுவினோமா என்பதுதான் கணக்கு. அந்தப் பாடம் நம்ம நாட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது தலைகீழாகிவிட்டது.

*

ஏனென்றால் இங்கே ஏற்கனவே ஒரு சுத்தம் இருந்தது. அதன் பெயர் தீட்டு. கிருமி எல்லார் கையிலும் ஏறும், சோப்புப் போட்டால் போகும். தீட்டு சில பேர் உடம்பில் பிறக்கும்போதே இருக்கும், எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆனால் நம்ம பள்ளிக்கூடங்களில் தீட்டைக் காப்பாற்ற விரும்பியவர்கள் சுகாதாரத்தின் பாஷையில் பேசக் கற்றுக்கொண்டார்கள். "அதுங்க சுத்தமா இருக்காதுங்க" என்று சொன்னால் போதும். தனியாக உட்கார வைத்ததற்கும் பானையைத் தொடவிடாததற்கும் அதுவே காரணம் ஆகிவிடும். தண்ணியை மறுப்பது, மறுத்ததால் வந்த அழுக்கைக் காட்டி மறுபடியும் தண்ணியை மறுப்பது. இதுதான் அவர்கள் செய்த வேலை.

அண்ணல் அம்பேத்கர் 1900ஐ ஒட்டிய வருசங்களில் சாத்தாராவில் படித்தார். அந்த அனுபவத்தை அவரே எழுதியிருக்கிறார். வகுப்பில் மூலையில் ஒரு சாக்குத் துண்டின் மேல் தனியாக உட்காரணும். பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டான். அதனால் சாயங்காலம் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் மறுநாள் எடுத்துவரணும். மற்றப் பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் வாத்தியாரிடம் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து குடிக்கலாம். அம்பேத்கர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிடணும். பியூன் இல்லாத நாளில் தண்ணி இல்லை. குழாய் இருந்த பள்ளிக்கூடம் அது. வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழாயைத் தொடும் உரிமைதான் அந்தப் பையனுக்கு இல்லை.

நம்ம பக்கத்தில் ரெட்டமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்த காலத்தைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றப் பிள்ளைகளோடு கலக்காமல் வெளியிலேயே இருந்துவிட்டு மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். மணிக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாத பையன் அங்கே எந்தப் பானையில் தண்ணி குடித்திருப்பான், எந்த இடத்தில் கை கழுவியிருப்பான்? 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அப்படித் தனிப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டதற்குக் காரணமே மற்றப் பள்ளிக்கூடங்களில் நம்ம பிள்ளைகள் நிற்க இடம் இல்லை என்பதுதான்.

சட்டம் வராமல் இல்லை. பம்பாய் சட்டசபையில் 1923இல் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளம், கிணறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்றது. சென்னைச் சட்டசபையில் 1924இல் ரெட்டமலை சீனிவாசன் அதே மாதிரித் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாரும் புழங்கலாம் என்று அரசாங்க உத்தரவும் வந்தது. காகிதத்தில் கிணறு திறந்தது. கயிறு அவர்கள் கையிலேயே இருந்தது.

1927 மார்ச்சில் மகாடு நகரத்தில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணி அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கான ஜனங்கள் பின்னால் இறங்கினார்கள். அதற்குச் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? குளம் தீட்டாகிவிட்டது என்று 108 மண்குடங்களை வைத்து, சாணம், கோமியம், பால், தயிர் எல்லாம் கலந்து மந்திரம் சொல்லிக் குளத்துத் தண்ணியைச் 'சுத்தம்' பண்ணினார்கள். குடிக்கிற தண்ணியில் சாணத்தைக் கரைத்தவன் சுத்தக்காரன், கையால் அள்ளிக் குடித்தவன் அசுத்தக்காரன். காலராக் கிருமியைக் கல்கத்தாக் குளத்தில் கண்டுபிடித்து 43 வருசம் ஆன பிறகு இது நடந்தது. அந்தக் குளத்து உரிமைக்கு 1937 வரை பம்பாய் ஐகோர்ட்டில் வழக்கு நடத்தணும் என்று ஆயிற்று.

*

கை கழுவுவதற்கும் பள்ளிக்கூடத்துக்கு வராமல் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். இப்போது அதற்குக் கணக்கு இருக்கிறது. பாகிஸ்தானில் கராச்சிக் குடிசைப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு சோப்புக் கொடுத்து, கை கழுவச் சொல்லிக் கொடுத்து ஒரு வருசம் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நிமோனியாக் காய்ச்சலும் பாதியாகக் குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது. கிருமிநாசினி சேர்த்த விலை உயர்ந்த சோப்பும் சாதாரணச் சோப்பும் ஒரே பலனைத்தான் கொடுத்தன. மலிவு சோப்பே போதும்.

சீனாவில் ஃபூஜியான் மாகாணத்து ஆரம்பப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2007இல் வந்தது. பாடம் சொல்லிக்கொடுத்ததோடு நிற்காமல், பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து சோப்பும் கொடுத்து, பிள்ளைகளிலேயே சிலரைப் பொறுப்பாக வைத்தார்கள். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் போன நாள்கள் மற்றப் பள்ளிகளைவிட 54 சதவீதம் குறைவு. எகிப்தில் கெய்ரோ நகரத்தில் 60 ஆரம்பப் பள்ளிகளில் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை கை கழுவ வைத்த பள்ளிகளில் சளிக்காய்ச்சலால் வராமல் போவது 40 சதவீதம் குறைந்தது. வயிற்றுப்போக்கால் வராமல் போவது 30 சதவீதம் குறைந்தது. கண்வலியால் வராமல் போவது மூணில் ரெண்டு பங்கு குறைந்தது. நம்ம ஊரில் மெட்ராஸ் ஐ வந்தால் ஒரு வகுப்பே காலியாகுமே, அந்தக் கண்வலிதான்.

இந்த எண்களை நான் முதலில் படித்தபோது என் தங்கச்சியை நினைத்துக்கொண்டேன். எனக்கு ரெண்டு வருசம் இளையது. கெட்டிக்காரி. ரெண்டாங்கிளாஸிலேயே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும். அதுக்கு அடிக்கடி சீதபேதி வரும். மழைக்காலம் வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் படுத்துவிடும். ஆயா கொய்யாக் கொழுந்தை அரைத்துக் கொடுக்கும். தெளிந்து ஒரு வாரம் போகும், மறுபடியும் படுக்கும். வயிற்றுப் பூச்சி வேறு. மூணாங்கிளாஸ் பாதியில் வாத்தியார் தொடர் வருகையின்மை என்று எழுதிப் பெயரை அடித்துவிட்டார். அப்பா போய்க் கேட்டதற்கு, "உங்க புள்ளைங்களுக்குப் படிப்புல அக்கறை இல்ல, அதுக்கு நா என்னா பண்றது" என்று பதில் வந்தது. தங்கச்சி அதோடு நின்றது. அடுத்த வருசத்திலிருந்து அம்மாவோடு களை எடுக்கப் போனது.

கை கழுவியிருந்தால் மட்டும் அது தப்பித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. காலனிக் கிணறே கரை இடிந்து, மழைத்தண்ணி எல்லாம் உள்ளே போகிற கிணறு. கக்கூஸ் கிடையாது. சாப்பாடு போதாது. ஆனாலும் நாளெல்லாம் இருந்த பள்ளிக்கூடத்தில், மதியச் சோறு தின்கிற நேரத்தில், ஒரு செம்புத் தண்ணியும் ஒரு துண்டு சோப்பும் அதுக்குக் கிடைத்திருந்தால் சில நாள்களாவது மிஞ்சியிருக்கும். பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுத இடம் இருக்கிறது. ஏன் வரவில்லை என்று எழுத இடம் இல்லை. அந்த இடத்தில்தான் அக்கறை இல்லை, அறிவு இல்லை, சோம்பேறிச் சனம் என்றெல்லாம் அவர்கள் இட்டுக்கட்டி எழுதிக்கொண்டார்கள்.

*

இதெல்லாம் பழைய கதை என்று சொல்பவர்களுக்காகச் சில விசயங்கள். 1995இல் சேலம் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், சாதி இந்துப் பிள்ளைகளுக்கு வைத்த பானையில் தண்ணி குடித்தாள் என்று ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. நாட்டில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி எடுத்த கணக்கு 2006இல் புத்தகமாக வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பிள்ளைகள் மற்றவர்கள் குடிக்கிற இடத்தில் தண்ணி குடிக்க முடியவில்லை. 38 சதவீதம் பள்ளிகளில் சாப்பாட்டுக்குத் தனி வரிசை.

2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். ஒரு பையனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, எப்படிடா வந்தது என்று தாய் கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது. அதே வருசம் டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிதண்ணித் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அங்கேயும் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதில்தான் வெளியே தெரிந்தது. பிள்ளைகளின் வயிறும் காய்ச்சலும்தான் இந்த நாட்டில் சாட்சி சொல்கின்றன.

2009இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் பட்டியலில் பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணி வேணும், ஆம்பளைப் பிள்ளைக்கும் பொம்பளைப் பிள்ளைக்கும் தனிக் கழிப்பறை வேணும் என்று இருக்கிறது. கை கழுவும் இடமும் சோப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது நாடே இருபது விநாடி கை கழுவு என்று பாடியது. அதற்கு முந்தின வருசக் கணக்குப்படி உலகத்தில் நூற்றுக்கு 43 பள்ளிகளில் தண்ணியும் சோப்பும் சேர்ந்த கை கழுவும் வசதி இல்லை. 81 கோடிக்கும் மேல் பிள்ளைகள்.

*

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் குழாய் வந்தது. வரிசையாக ஆறு குழாய். எனக்குச் சந்தோசம். சோப்பு மட்டும் தலைமையாசிரியர் ரூம் பீரோவில் பூட்டிக் கிடக்கும், அதிகாரிங்க வரும்போது வெளியே வரும். நான் என் காசில் சிவப்புச் சோப்பு வாங்கி, துண்டு போட்டு, நைலான் வலைப்பையில் கட்டி ஒவ்வொரு குழாயிலும் தொங்கவிட்டேன். சத்துணவு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் கழுவிவிட்டுத்தான் தட்டை எடுக்கணும் என்றேன்.

ஒரு வாரம் கழித்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், சோப்பு வச்சது நல்ல விசயந்தான். ஆனா எல்லா புள்ளைங்களும் ஒரே சோப்பத் தொடுறாங்களே. ரெண்டு குழாயத் தனியா ஒதுக்கிட்டா நல்லாருக்கும்."

எனக்கு ஒரு நிமிசம் பேச்சு வரவில்லை. சோப்புக்கே தீட்டுப் பிடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "உங்க புள்ள கையில இருக்கிற கிருமியும் அவங்க புள்ள கையில இருக்கிற கிருமியும் ஒண்ணுதான்யா. அது போறதுக்குத்தான் சோப்பு. தனிக் குழாய் கிடையாது" என்றேன். அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். மறுநாள் ரெண்டு வலைப்பைகள் அறுக்கப்பட்டிருந்தன. மறுபடியும் கட்டினேன். மறுபடியும் அறுத்தார்கள். அந்த வருசம் முழுக்க இப்படியே போனது. ஆனால் தனிக் குழாய் வரவில்லை.

நம்மில் சில பேர் சுத்தம், சுகாதாரம் என்றாலே முகம் சுளிக்கிறோம். அதில் நியாயம் இருக்கிறது. அந்த வார்த்தையால் நம்மை அடித்திருக்கிறார்கள். அதற்காகச் சோப்பை அவர்களிடம் விட்டுவிட முடியாது. தண்ணிக்காகக் குளத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். கை கழுவுவது நம்ம பிள்ளைகளுக்கு யாரோ சொல்லித்தரும் நல்லொழுக்கம் இல்லை, கேட்டு வாங்க வேண்டிய உரிமை. ஓடுகிற குழாய் வேணும். தீராத சோப்பு வேணும். எல்லாருக்கும் ஒரே வரிசை வேணும். கக்கூஸ் கழுவச் சம்பளத்துக்கு ஆள் வேணும், அந்த ஆளுக்குக் கையுறையும் கருவியும் வேணும். நாலு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் என்ன உடம்புக்கு என்று கேட்கிற வாத்தியார் வேணும்.

இதை வாசிக்கிறவர்கள் ஒரு நாள் மதியம் பன்னிரண்டரை மணிக்கு உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணி வருகிறதா, சோப்பு இருக்கிறதா, வரிசையில் கடைசியாக நிற்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். அப்புறம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் தங்கச்சிக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். ரெண்டாங்கிளாஸ் போகிறாள். முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கச்சி அவளிடம் பாடம் என்ன நடத்தினார்கள் என்று கேட்கவில்லை. "கொழாய் இருக்குதாடி? எல்லாருக்கும் ஒண்ணுதானா?" என்று கேட்டது. பிள்ளைக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "ஒண்ணுதான் ஆயா, ஆனா சோப்பு இல்ல" என்றாள். மறுநாள் காலையில் தங்கச்சி ஒரு சோப்புக் கட்டியை வாங்கிக்கொண்டு நேராகத் தலைமையாசிரியரிடம் போனது. எழுபதுகளில் தன் பெயரை அடித்த அதே பள்ளிக்கூடம்.